ஒரு காணிக்காக முழுப் பதிவேட்டையும் பூட்டுவதா? லினக்ஸ் நினைவகப் பூட்டு மாறிய கதை

மானிப்பாயில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றி ஒரு தாய் சொல்வதைத் தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். இடையில் அவர் காட்டிய பழைய கடிதத்தைப் படம் எடுக்க இன்னொரு செயலியைத் திறந்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. "பிள்ளை, பதியுதோ?" என்று அவர் கேட்டார். சில நொடிகளில் திரை மீண்டது, பதிவும் தப்பியிருந்தது. ஆனால், அந்தச் சில நொடிகள் எனக்குப் பெரிய பாடம். ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்ற நான், சாட்சியங்களை நம்பி ஒப்படைக்கும் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை.

பழைய தொலைபேசிகள் உறைவதற்குக் காரணங்கள் பல. நினைவகம் போதாமல் இருக்கலாம், சேமிப்பகம் மெதுவாக இயங்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் பூட்டு.

பூட்டு எதற்கு?

அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடியில் இயங்குவது லினக்ஸ். நமது பாடசாலைப் புத்தகங்கள் பணிசெயல் முறைமை என்று சொல்வதன் உட்கரு அது. ஒவ்வொரு செயலிக்கும் அது நினைவக முகவரிகளைப் பகுதி பகுதியாகக் கொடுக்கிறது. இந்தப் பகுதிகளைக் காணித் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. வாசிக்கலாமா, எழுதலாமா என்ற உரிமையும் உண்டு. இந்த விபரங்கள் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கின்றன.

ஒரு செயலிக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஓர் இழை ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது அங்கே உண்மையான நினைவகம் இருக்காது. உட்கரு பதிவேட்டைப் பார்த்து, அந்த முகவரி செல்லுபடியானதா என்று உறுதிசெய்து, நினைவகத்தை ஒதுக்கவேண்டும். அதே நேரத்தில் இன்னோர் இழை புதிய காணியைச் சேர்க்கவோ எல்லையை மாற்றவோ முயலலாம். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் திருத்தினால் குழப்பம்தான். அதனால் பதிவேட்டுக்கு ஒரு பூட்டு. வாசிப்பவர்கள் பலர் ஒன்றாக வரலாம். திருத்துபவர் வந்தால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக இது செயலிக்கு ஒன்றாகவே இருந்தது. 2020இல் வந்த லினக்ஸ் 5.8 பதிப்பில் அதன் பெயர் 'எம்மாப் லொக்' என்று மாறியது, முறை மாறவில்லை. செயலி திறக்கும்போது பல இழைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் புதிய காணி வேண்டும். அதற்காகப் பதிவேடு அடிக்கடி மூடப்படும். தெற்கு எல்லையில் ஒரு துண்டைத் திருத்துவதற்காக வடக்கில் உள்ளவர்களும் கிராம சேவையாளரின் வாசலில் வரிசையில் நிற்பதுபோலத்தான்.

துண்டுக்கு ஒரு பூட்டு

பூட்டே இல்லாமல் ஊகத்தில் வேலையைச் செய்துவிட்டு, பிறகு சரிபார்க்கும் முறையை லோரன்ட் டுஃபூர் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் முயன்றார்கள். அது மிகச் சிக்கலாக இருந்ததால் பிரதான லினக்ஸில் சேரவில்லை. 2022இல் கூகிள் பொறியாளர் சுரேன் பக்தசாரியன் எளிமையான வழியை முன்வைத்தார்: காணித் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. 2023 ஜூனில் வந்த 6.4 பதிப்பில் அது சேர்ந்தது.

அதற்கு முன்பே இரண்டு படிகள் போடப்பட்டிருந்தன. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், காணிகளைத் தேடும் அமைப்பு 'மேப்பிள் மரம்' என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. மற்றது, பூட்டுப் போடாமலே வாசிக்க வழிசெய்யும் ஆர்சியூ முறை. 2002இல் அதை லினக்ஸில் சேர்த்ததில் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர் தீபங்கர் சர்மாவுக்கு முக்கிய பங்கு உண்டு.

பூட்டும் விதமும் சுவையானது. பதிவேட்டுக்கு ஓர் எண், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். திருத்துபவர் தனக்குத் தேவையான துண்டுகளில் பதிவேட்டின் எண்ணையே எழுதிவிடுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தத் துண்டு பூட்டப்பட்டது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் பதிவேட்டின் எண்ணை ஒன்றால் கூட்டினால் போதும், எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். பூட்டிய துண்டைத் தேடி வந்தவர் மட்டும் பழைய வரிசைக்குத் திரும்புவார்.

வேகத்துக்குக் கொடுத்த விலை

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய பகுதி. 6.4 வெளிவந்து சில நாட்களிலேயே, சில நிரல்களின் நினைவகத் தரவு பழுதாவதாக முறைப்பாடுகள் வந்தன. ஒரு நிரல் தன்னைப் பிரதி எடுக்கும்போது பழைய பெரிய பூட்டு மற்ற இழைகளை நிறுத்தி வைத்திருந்தது. புதிய முறையில் அவை பக்கவழியால் உள்ளே போய்விட்டன. பிரதி எடுக்கும்போது எல்லாத் துண்டுகளையும் பூட்டும் திருத்தம், ஜூலையில் 6.4.3 பதிப்பில் வந்தது.

உறைந்த திரை நமது நேரத்தைத் தின்னும். பழுதான தரவோ சாட்சியத்தையே தின்றுவிடும், அதுவும் சத்தமில்லாமல்.

உங்கள் தொலைபேசியின் அமைப்புகளில் 'தொலைபேசி பற்றி' என்ற பகுதிக்குப் போனால் கெர்னல் பதிப்பின் எண்ணைக் காணலாம். பெரும்பாலான தொலைபேசிகள் விற்பனைக்கு வந்தபோதிருந்த கெர்னல் வரிசையிலேயே கடைசிவரை இருக்கும். நம்மில் பலர் பாவிக்கும் பழைய கைபேசிகளுக்கு இந்த மாற்றம் வந்து சேராது. ஆகவே, வாக்குமூலம் பதியும்போது மற்றச் செயலிகளை மூடிவிடுங்கள். நீண்ட பதிவைத் துண்டு துண்டாகச் சேமியுங்கள். அன்றைக்கே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து, அதைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தத் தாயிடம் போகும்போது நான் இரண்டு கருவிகள் கொண்டுபோகிறேன். ஒன்று பதிய, மற்றது படம் எடுக்க. அவர் ஒரே கதையை எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார். என் தொலைபேசிக்காக இன்னொரு முறை சொல்ல வைக்க எனக்கு உரிமை இல்லை.