கரப்பான் தடுப்பு (படப்பை வட்டார வீடுகள்)

கரப்பான் பூச்சி வீட்டுக்குள் நுழையாமலும், நுழைந்தது பெருகாமலும் பார்த்துக்கொள்ளும் முறைகள் கரப்பான் தடுப்பு எனப்படும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு முன்னால் இருக்கும் படப்பையிலும், அதையடுத்த மண்ணிவாக்கம், முடிச்சூர் பகுதிகளிலும் வயலும் ஏரிக்கரையும் மனைகளாகி, மனைகள் அடுக்கு வீடுகளாகிவிட்டன. பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர் செப்டிக் டேங்கில்தான் இறங்குகிறது. இந்த வட்டாரத்தில் கரப்பான் தொல்லையின் ஒரு பகுதி அந்தத் தொட்டியிலிருந்து கிளம்புகிறது. இன்னொரு பகுதி, கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் வருகிறது.

வருவது இரண்டு வேறு பூச்சிகள். குளியலறையில் விளக்கைப் போட்டதும் ஓடுகிற பெரியது அமெரிக்கக் கரப்பான்: செம்பழுப்பு நிறம், 3.5 முதல் 4 செ.மீ. நீளம். சமையலறை அலமாரிக் கீலில் ஒளிந்திருக்கும் சின்னது ஜெர்மன் கரப்பான்: 1.5 செ.மீ.க்குள் அடங்கும், தலையை ஒட்டிய தகட்டில் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். முன்னதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பின்னது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து மனிதக் குடியிருப்புக்குப் பழகியது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் மருந்து அடிப்பது காசைக் கரியாக்கும் வேலை.

பெரியதைத் தடுப்பது பிளம்பிங் வேலை. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் இடத்தில், நாணி டிராப் என்று பிளம்பர்கள் சொல்லும் கிண்ணம் பதித்திருக்கும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் 5 செ.மீ. அளவு தண்ணீர்தான் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே கதவு. ஆள் புழங்காத குளியலறையில், அதுவும் சித்திரை வெயிலில், அந்தத் தண்ணீர் வற்றிவிடும், கதவு திறந்துகொள்ளும். வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் கரப்பான் மல்லாந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாரம் ஒரு முறை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். வெளியூர் போகிறவர்கள் தண்ணீரின் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம், ஆவியாவது குறையும். வாஷ்பேசினுக்கு அடியில் நெளி குழாயைத் தரைக்குழாயில் சும்மா செருகி விட்டுவிடும் வழக்கமும் உண்டு. சுற்றியிருக்கும் அந்த இடைவெளியை ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். அமெரிக்கக் கரப்பான் உடம்பை நசுக்கிக்கொண்டு 3 மி.மீ. சந்திலும் நுழைந்துவிடும். சேம்பர் மூடியின் விளிம்பைச் சிமெண்ட் பூசி அடைப்பதையும், செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுவதையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சேம்பர் நிரம்பினால் உள்ளே இருப்பவை மேட்டைத் தேடும். அந்த மேடு நம் வீடு.

சின்னதற்கு இது எதுவும் பயன்படாது. அது மளிகைப் பெட்டி, பழைய ஃபிரிட்ஜ், வீடு மாறும்போது கட்டிய மூட்டை ஆகியவற்றோடு வருகிறது. பெண் பூச்சி 30 முதல் 40 முட்டை கொண்ட கூட்டைப் பொரியும் தறுவாய்வரை தன்னோடே சுமக்கும். ஆகவே ஒன்று வந்தாலே ஒரு குடும்பம் வந்ததற்குச் சமம். பெட்டிகளை வாசலிலேயே பிரித்து, அட்டையை அன்றைக்கே வெளியே போட்டுவிட வேண்டும். பட்டினியை விடத் தாகம்தான் அதற்கு எமன். இரவில் சிங்க்கைத் துடைத்துக் காயவிட்டு, ஈரத் துணியை வெளியே உலர்த்துவது சமையலறையை ஒழுங்குபடுத்துவதைவிட முக்கியம்.

பெருகிவிட்டால் ஜெல் மருந்துதான் சரி. பயறளவுப் பொட்டுகளாக அலமாரிக் கீல், சிங்க்கின் அடி, ஃபிரிட்ஜ் மோட்டாரின் பக்கம் வைக்க வேண்டும். தின்ற பூச்சியின் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் மற்றவையும் சாகும். அந்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சி ஜெல்லை அண்டாது. பலர் இரண்டையும் சேர்த்துச் செய்து இரண்டையும் கெடுக்கிறார்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பல இடங்களில் ஜெர்மன் கரப்பான் எதிர்ப்பும் பெற்றுவிட்டது. இனிப்பு கலந்த இரைமருந்துகளை ஒதுக்கும்படி குளுக்கோஸையே வெறுக்கும் கூட்டங்கள் உண்டு என்பது 1993-இல் தெரியவந்தது. ஒரு ஜெல் பலிக்காவிட்டால் வேறு வகைக்கு மாறுவது இதனால்தான். தரையில் கோடு போடும் மருந்துச் சாக்பீஸ், பள்ளிச் சாக்பீஸ் போலவே இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. சிங்க்கில் போடும் பாச்சை உருண்டையால் மணம் வருமே தவிர, திறந்த இடத்தில் கரப்பானுக்கு அது பெரிய தடை இல்லை.

இத்தனை பாடு அருவருப்புக்காக மட்டும் அல்ல. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியில் கலந்து ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். சாக்கடையில் திரிந்த காலோடு உணவில் ஏறினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் கூட வரும்.

குளியலறைச் சுவரில் சில சமயம் வயிற்றைக் கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும் சிறு கருங்குளவி கரப்பானின் எதிரி. அமெரிக்கக் கரப்பானின் முட்டைக்கூட்டில் இது முட்டையிடும். இதன் புழு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். மனிதரைக் கொட்டாது. அது தென்பட்டால் கரப்பானின் முட்டைக்கூடு அருகில் எங்கோ இருக்கிறது என்று பொருள். குளவியை விட்டுவிட்டு, பரணையும் சிலாப்பின் அடியையும் பார்க்கலாம்.