உடல் இல்லாத வழக்கு

வசந்தம் 2008ல் முழுநேர ஒளிவழியானது. இரண்டு ஆண்டு கழித்து அதில் ‘வேட்டை’ வந்தது. சிங்கப்பூர்க் குற்றப் புலனாய்வுத் துறை அதிகாரிகளின் கதை. நம்ம ஊர் மாத்தா நம்ம மொழியிலேயே கோபப்படுவதைப் பார்த்த சந்தோஷத்தில் பல சீசன்களுக்கு அந்தத் தொடரோடு ஒட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். துப்பறியும் தொடர் ரசிகர்கள் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: அவருக்கு வந்ததிலேயே கஷ்டமான கேஸ் எது?

சொல்லப்படும் பதில்கள் எல்லாம் ஒரே சாடையில் இருக்கும். கொலையாளி ரொம்ப புத்திசாலி, அல்லது கூடவே இருந்த ஆள்தான் கொலையாளி. அதாவது, யார் செய்தது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கண்டுபிடித்துவிட்டால் கைவிலங்கு, பின்னணி இசை, முடிந்தது. சிங்கப்பூரின் உண்மையான வழக்குகளைப் படித்தால் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. யார் என்று தெரிந்துவிட்டதாகப் போலீஸ் நம்பிய பிறகுதான் அது தொடங்குகிறது.

1963 ஆகஸ்ட் 27. சன்னி ஆங் என்ற இளைஞர் தன் காதலி ஜென்னி சியோக்கைச் சிஸ்டர்ஸ் தீவுகளுக்குப் படகில் அழைத்துப் போனார். மூச்சுக்கருவியோடு கடலில் இறங்கிய ஜென்னி மேலே வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆனால் வேறு சில விஷயங்கள் கிடைத்தன. அவர் பெயரில் மொத்தம் 4,50,000 வெள்ளிக்குக் காப்புறுதி இருந்தது. முதல் நாள் காலாவதியான ஒரு விபத்துக் காப்புறுதியை ஆங் அன்றைக்குத்தான் நீட்டித்திருந்தார். பிறகு கடலடியில் கிடைத்த ஒரு நீச்சல் துடுப்புக் காலணியின் வார் வெட்டப்பட்டிருந்தது. இதில் எதுவும் தனியாகக் கொலையை நிரூபிக்காது. எல்லாம் சேர்ந்தால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். 1965 மே மாதம் ஏழு பேர் கொண்ட ஜூரி அதை ஏற்றது. 1967 பிப்ரவரியில் ஆங் தூக்கிலிடப்பட்டார். உடல் இல்லாமலும் கொலைக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்பது சிங்கப்பூரில் அப்படித்தான் நிலைபெற்றது.

இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து எம்.ஆர்.டி.யில் ஒரே ஒரு நிறுத்தம், தோபி காட். அங்கிருந்து சில நிமிட நடையில் ஆர்ச்சர்ட் ரோடு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம். 1984 டிசம்பரில் ஒரு தமிழர் காணாமல் போனார். சாங்கி கடற்கரை விடுமுறை விடுதிகளில் பராமரிப்பாளராக இருந்தவர். கெந்திங் மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்று போலீசில் சொல்லப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் அது வெறும் ‘காணவில்லை’ கோப்பு. பிறகு போலீசுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. 1987 மார்ச்சில் ஆறு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தேவாலயத்தை ஒட்டிய பராமரிப்பாளர் குடியிருப்பில் அவரைக் கொன்று, உடலைக் கறியாகச் சமைத்து, பைகளில் கட்டி, நகரத்துக் குப்பைத்தொட்டிகளில் போட்டார்கள் என்பது போலீஸ் தரப்பு. பத்திரிகைகள் ‘கறிக் கொலை’ என்று பெயர் வைத்தன.

தொலைக்காட்சித் தொடராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். நிஜத்தில் உடல் இல்லை, ஆயுதம் இல்லை, எலும்புகூட இல்லை. சன்னி ஆங் வழக்கில் உடல் இல்லாவிட்டாலும் காகிதம் இருந்தது, தேதி இருந்தது, வெட்டுப்பட்ட வார் இருந்தது. இங்கே இருந்தது பெரும்பாலும் பேச்சு. அதே 1987ல்தான் இங்கிலாந்தில் மரபணுச் சோதனையின் உதவியோடு முதன்முறையாக ஒரு கொலையாளி பிடிபட்டார். ஆனால் சோதிப்பதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த விஞ்ஞானமும் என்ன செய்யும்? ஜூன் மாதம் போதிய ஆதாரம் இல்லாததால் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சட்டத்தின் மொழியில் அது ‘விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு’. புதிய ஆதாரம் வந்தால் மறுபடியும் குற்றம் சாட்டலாம். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை.

அதோடும் நிற்கவில்லை. ஆறு பேரில் மூன்று சகோதரர்கள் குற்றவியல் சட்டத்தின் தற்காலிக விதிகளின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு, சுமார் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 1991ல் வெளியே வந்தார்கள். 1955ல் கொண்டுவந்த சட்டம் அது. சாட்சிகள் பயந்து வாய் திறக்காத இடத்தில், அமைச்சரின் உத்தரவை வைத்தே ஒருவரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாத வழக்கில் மூன்று பேர் நான்கு ஆண்டு அடைபட்டிருந்தார்கள். அவர்கள் செய்திருந்தால் நான்கு ஆண்டு ரொம்பக் குறைவு. செய்யாதிருந்தால் நான்கு நாள்கூட அநியாயம். எது சரி என்று சொல்லும் கடைசிக் காட்சி இந்த வழக்குக்கு எழுதப்படவே இல்லை.

என்னை உறுத்துவது, அந்தக் காட்சியை நாமே எழுதிக்கொண்டதுதான். தேக்கா சாப்பாட்டுக் கடையில் யாராவது இந்தக் கதையைச் சொல்லும்போது கவனியுங்கள். “கொன்னு கறி வச்சிட்டாங்க” என்பார்கள். தமிழில் இதற்கென்றே ஓர் அருமையான ஒட்டு இருக்கிறது. கண்ணால் பார்க்காததை, கேள்விப்பட்டதைச் சொல்லும்போது ‘ஆம்’ சேர்ப்போம்: கொன்னாங்களாம், சமைச்சாங்களாம். மழை பெய்ததைக்கூட ‘பெஞ்சுதாம்’ என்று ஜாக்கிரதையாகச் சொல்லும் நாம், ஆறு பேரின் தலையில் ஒரு கொலையை வைக்கும்போது அதை உதிர்த்துவிட்டோம். அதோடு ‘கறி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் இறந்துபோன மனிதர் காணாமல் போனார். அவருக்கு ஒரு வேலை, ஒரு குடும்பம், ஒரு வயது இருந்தது. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது சமையல்தான்.

தொலைக்காட்சித் துப்பறிவாளருக்கு எழுத்தாளர் துணை உண்டு. எந்தச் சிக்கலும் கடைசிப் பாகத்துக்குள் தீரும், ஒப்புதல் வாக்குமூலம் நேரத்துக்கு வந்துவிடும். என்றைக்காவது ஒரு தமிழ்த் தொடர், எல்லாம் தெரிந்தும் எதையும் நிரூபிக்க முடியாத ஓர் அதிகாரி கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதோடு முடிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. அதுவரை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த ‘ஆம்’ஐயாவது விடாமல் சொல்லலாம்.