கட்டபொம்மன் வேடத்தில் சிவாஜி கணேசன்

நடிகர் சிவாஜி கணேசன் (1928 அக்டோபர் 1 – 2001 ஜூலை 21) விழுப்புரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். கோவில்பட்டிச் சீமையோடு அவருக்குப் பிறப்பாலோ உறவாலோ தொடர்பு கிடையாது. ஆனாலும் கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என்று விரியும் கரிசல் வட்டாரத்தின் வரலாறு தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்ததில் அவருடைய நடிப்புக்குப் பெரிய பங்குண்டு. தெரிந்த விதம் சரியானதுதானா என்ற கேள்வி அதோடு சேர்ந்தே வருகிறது.

முதல் வேடம்

சிவாஜியின் தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறுவன் கணேசன் தந்தையோடு கட்டபொம்மன் கூத்துப் பார்க்கப் போனான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சிறுவர்கள் தேவைப்பட்டார்கள், கணேசனும் மேடையேறினான். தேசபக்தரின் மகன் கும்பினிச் சிப்பாயாக நின்றதற்கு வீட்டில் அடி விழுந்தது. சிவாஜியே தம் சுயசரிதையில் சொல்லும் செய்தி இது. கட்டபொம்மனாக நடிக்கவேண்டும் என்ற ஆசை அன்றே பற்றிக்கொண்டது என்கிறார். சில காலத்தில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை கடுமையானது. பாட்டு, சிலம்பம், வசன உச்சரிப்பு என்று பயிற்சி நாள் முழுதும் நடக்கும். சிறுவர்கள் முதலில் பெண் வேடம் போடுவார்கள். கணேசன் சீதையாக நடித்தார். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்த பெரியார் 1946-இல் ‘சிவாஜி’ என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு சக்தி நாடக சபாவில் ‘நூர்ஜஹான்’ வேடம். 1952-இல் ‘பராசக்தி’ வழியே திரைக்கு வந்தார்.

சேலம் முதல் கெய்ரோ வரை

திரையில் புகழ் பெற்ற பிறகும் சிவாஜி மேடையை விடவில்லை. சொந்த நாடக மன்றம் வைத்திருந்தார். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1957-இல் சேலத்தில் அரங்கேறியது. தொடர்ந்து பல ஊர்களில் நடந்தது. வசூலில் பெரும்பகுதி கல்வி நிறுவனங்களுக்கும் பொதுக்காரியங்களுக்கும் போயிற்று.

பி. ஆர். பந்துலு இதைப் படமாக்கினார். கட்டபொம்மனைப் பற்றி முன்பே நூல் எழுதியிருந்த ம. பொ. சிவஞானம் வரலாற்று ஆலோசகராக இருந்தார். போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டன. ஆக, பாஞ்சாலங்குறிச்சிப் போரில் திரையில் எழும்புவது ராஜஸ்தான் புழுதி. கரிசல் மண் அங்கே இல்லை. கலெக்டர் ஜாக்சனாக சி. ஆர். பார்த்திபனும் மேஜர் பானர்மேனாக ஜாவர் சீதாராமனும் நடித்தனர். வெள்ளையத்தேவன் வேடத்துக்கு முதலில் அழைக்கப்பட்ட எஸ். எஸ். ராஜேந்திரன் கண்ணதாசனின் ‘சிவகங்கைச் சீமை’யில் ஒப்பந்தமாகியிருந்ததால் ஜெமினி கணேசன் வந்தார். 1959 மே மாதம் இரண்டு படங்களும் சில நாள் இடைவெளியில் வெளியாயின. மருது சகோதரர்களின் கதை கட்டபொம்மன் வெளிச்சத்தில் மங்கிப்போனது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானார், ஜி. ராமநாதனுக்கு இசைக்கான பரிசு கிடைத்தது.

மேடையும் ஆவணமும்

1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனும் ஜாக்சனும் சந்தித்ததும், சந்திப்பு கைகலப்பில் முடிந்ததும், கும்பினி அதிகாரி கிளார்க் அதில் மாண்டதும் வரலாறு. நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் வசனம் கிருஷ்ணசாமியுடையது. கட்டபொம்மன் கம்பளத்து நாயக்கர் மரபினர். அவர்களுடைய தாய்மொழி தெலுங்கு. அடுக்குமொழித் தமிழில் அவரைப் பேசவைத்தது இருபதாம் நூற்றாண்டு மேடை. நாடகத்துக்கு இது குற்றமில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் அந்த வசனமே வரலாறாகிப் போனதுதான் யோசிக்க வேண்டியது.

அதைவிடக் கனமான விளைவு எட்டயபுரத்துக்கு நேர்ந்தது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு நெடுநாளாக இருந்தது. எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினிப் பக்கம் நின்றார். பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் தப்பிச் சென்ற கட்டபொம்மனைக் கோலார்பட்டியில் தாக்கியதும் எட்டயபுரம் படைதான். ஆனால் அங்கிருந்தும் தப்பியவரைக் காட்டில் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். இரண்டு அரசுகள் செய்த வேலைக்கு ஒன்றின் பெயர் மட்டும் வசைச்சொல்லாகிவிட்டது. காட்டிக்கொடுப்பவனை இன்றும் ‘எட்டப்பன்’ என்கிறோம். எட்டப்பர் என்பது ஒரு மரபின் பட்டப்பெயர், பாரதி பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வருவதில்லை. கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்று தமிழ்வாணன் நூலெழுதி மறுபக்கம் இழுத்தார். ஊரூராகப் பாடப்பட்ட கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதையும் படித்தால், கரிசல் மக்கள் தாங்களே சொல்லிக்கொண்ட கதை எவ்வளவு வேறுபட்டது என்பது விளங்கும்.

சிவாஜி இதே வட்டாரத்துக்கு 1961-இல் மறுபடி வந்தார். ‘கப்பலோட்டிய தமிழன்’ படமும் பந்துலுவுடையது, அதற்கும் அடிப்படை ம. பொ. சி.யின் நூல். வ. உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். இங்கே சிவாஜி குரலைத் தாழ்த்தி, தளர்ந்த முதுமையை நடித்தார். நடிப்பென்று பார்த்தால் இதுவே உயர்ந்தது என்பது என் கருத்து. படம் வசூலில் தோற்றது. உறுமுகிற வீரனைக் கொண்டாடிய கூட்டம், செக்கிழுத்த வக்கீலைப் பார்க்க அவ்வளவாக வரவில்லை.

கயத்தாறு

கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் இருக்கிறது கயத்தாறு. பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் பானர்மேன் விசாரணை நடத்தினார். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் அங்கே புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுக் கும்பிட்டார்கள் என்றும், கல் குவிந்து மேடானது என்றும் அப்பகுதியில் சொல்வார்கள். அரசாங்கச் சின்னம் எதுவும் இல்லாத காலத்தில் அந்தக் கற்குவியலே நினைவிடம்.

சிவாஜி தம் சொந்தப் பணத்தில் அங்கே நிலம் வாங்கி, 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பினார். பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக்கோட்டை கட்டியது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1974-இல். கயத்தாற்றில் அரசின் மணிமண்டபம் வர 2015 ஆயிற்று.