ஆசிரியரின் கடமை யார் கைக்குப் போனது: இங்கிலாந்தின் வகுப்பறைகளில் ஆட்டிசக் குழந்தைகள்

இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற கல்வியை அளிக்கும் கடமையை உள்ளூர்க் கல்வி ஆணையங்களின் மீது சுமத்தியது. ஆனால், பள்ளியில் கல்வி பெற இயலாதது என்று தீர்மானிக்கப்பட்ட குழந்தையைக் கல்வித் துறையின் பொறுப்பிலிருந்தே விலக்கிச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கவும் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு வழி வைத்திருந்தது. இந்தத் தீர்மானத்துக்கு அடிப்படையாக அமைந்தது மருத்துவ அலுவலரின் சோதனையே. ஆசிரியர் அந்தக் குழந்தைக்கு எதையேனும் கற்பித்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. அவ்வாறு விலக்கப்பட்ட பிள்ளைகள் ‘இளையோர் பயிற்சி மையம்’ என்று அழைக்கப்பட்ட பகல்நேர நிலையங்களுக்கோ, பெரிய மனநல மருத்துவமனைகளின் குழந்தைப் பிரிவுகளுக்கோ, வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தனர். அதன் பிறகு வந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, ஆட்டிசம் உள்ள குழந்தை உட்காரும் அறை மாறிக்கொண்டே வந்ததே தவிர, அதற்குக் கற்பிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியரின் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்ததில்லை. மருத்துவரிடம் இருந்த பொறுப்பு சிறப்புப் பள்ளிக்கும், அங்கிருந்து வகுப்பில் குழந்தையின் பக்கத்தில் அமரும் உதவியாளருக்கும் மாறிச் சென்ற வரலாறே இங்கே கூறப்படுகிறது.

ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதிலும், சொல்லாலும் சைகையாலும் கருத்தைப் பரிமாறுவதிலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை உணர்வதிலும் குழந்தைப் பருவம் முதலே வேறுபட்டு அமையும் வளர்ச்சி நிலையாகும். பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி 1943ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையால் இந்நிலை ஆங்கில மருத்துவ உலகில் அறியப்படலாயிற்று. எனினும் 1945ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு வகுத்த விதிகள் குறைபாடுடைய மாணவர்களைப் பதினொரு வகைகளாகப் பிரித்தபோது, அவற்றுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. பேசத் தெரிந்த ஆட்டிசக் குழந்தை ‘இசைவற்ற நடத்தையுடையது’ என்ற வகைக்குள் தள்ளப்பட்டது. பேசாத குழந்தை கல்விக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது.

கல்விச் சட்டம் வந்த அதே 1944ஆம் ஆண்டில்தான் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்னும் குழந்தை மருத்துவர், பேச்சுத் திறனும் கூர்ந்த அறிவும் உடையவர்களாயினும் வகுப்பறையில் பொருந்த முடியாமல் தவித்த சிறுவர்களைப் பற்றிய ஆய்வைப் பதிப்பித்தார். அதில் வரும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளியில் சேர்ந்த முதல் நாள் முடிவதற்குள்ளேயே கல்வி பெறத் தகாதவன் என்று முடிவு கட்டப்பட்டவன். அவர் பணியாற்றிய பிரிவு மருத்துவத்தையும் கற்பித்தலையும் ஒன்றாகக் கருதியதாதலால், அந்த ஆய்வில் ஆசிரியர்களுக்கான அறிவுரைகளும் கணிசமாக இடம்பெற்றன. கோபமோ கொஞ்சலோ இல்லாத அமைந்த குரலில் பேச வேண்டும் என்பதும், கட்டளையை ‘நான் சொல்கிறேன், நீ செய்’ என்று தனிப்பட்ட அதிகாரமாக வைக்காமல் எல்லாருக்கும் உரிய பொது விதியாகக் கூற வேண்டும் என்பதும் அவற்றுள் முதன்மையானவை. ஆசிரியரின் அணுகுமுறை மாறினால் குழந்தையின் நடத்தை மாறும் என்ற இந்தக் கருத்து அக்காலத்தில் அரியது. எனினும் அதை எழுதியவரை எண்ணி நெகிழ்ந்துவிட முடியாது. நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்கிருண்ட் நிலையத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதையும், அவர்களுள் இரு சிறுமியர் அங்கே இறந்ததையும் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018ஆம் ஆண்டு ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். கற்பிக்கத் தக்கவர், தகாதவர் என்று குழந்தைகளைப் பிரிக்கும் வழக்கம் எதுவரை செல்லக்கூடும் என்பதை அந்த ஆவணங்கள் காட்டுகின்றன.

ஆஸ்பெர்கரின் ஆய்வு ஜெர்மன் மொழியில் இருந்தமையால் இங்கிலாந்தின் ஆசிரியர்களை அது அப்போது எட்டவில்லை. அங்கே 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இக்குழந்தைகள் ‘குழந்தைப் பருவ மனச்சிதைவு’ என்ற பெயரில்தான் பேசப்பட்டனர். தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்ற உளப்பகுப்பாய்வாளர்களின் கருத்தும் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. பெற்றோருக்கு இக்கருத்து இழைத்த கொடுமை சிறிதன்று. கற்பித்தலிலும் அது ஆழமான தீங்கு விளைத்தது. காயம்பட்ட மனம் தானாகத் திறக்கும்வரை குழந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று நம்பப்பட்டதால், எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பது அவசரமாகவும், சில இடங்களில் வன்முறையாகவும்கூடக் கருதப்பட்டது.

இந்த நம்பிக்கையை நடைமுறையில் உடைத்தவர்களுள் முதன்மையானவர் சிபில் எல்கர். மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற அவர், லண்டனின் மார்ல்பரோ பகல்நேர மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகள் கற்பிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டு வருந்தி, 1960களின் தொடக்கத்தில் தம் வீட்டு நிலவறையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். மாண்டிசோரி கருவிகளுள் ஒன்று, வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளையும் அவற்றுக்குரிய குழிகள் வெட்டிய கட்டையையும் கொண்டது. தவறான குழியில் வைத்த உருளை ஆடும் அல்லது உள்ளே இறங்காது. ஆகவே ஆசிரியர் ஒரு சொல்லும் கூறாமலேயே குழந்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். பேச்சைப் புரிந்துகொள்வதற்கே பெரும் முயற்சி செய்ய வேண்டியிருந்த பிள்ளைகளுக்கு இது எத்தகைய விடுதலை என்பதை உணர்ந்தே எல்கர் சொற்களைக் குறைத்தார், நாளின் வரிசையை நிலைப்படுத்தினார், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று அமைத்தார். மனநல மருத்துவர் லோர்னா விங் உள்ளிட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் 1962ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம், 1965இல் லண்டனின் ஈலிங் பகுதியில் அவருக்காக ஒரு பள்ளியைத் திறந்தது.

எல்கர் கையாண்டது போன்ற ஒழுங்கமைந்த கற்பித்தலுக்கு ஆய்வுச் சான்று 1973ஆம் ஆண்டு வந்தது. மைக்கேல் ரட்டரும் லாரன்ஸ் பார்டக்கும் ஆட்டிசக் குழந்தைகளுக்கான மூன்று நிலையங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டனர். அவற்றுள் ஒன்று கற்பித்தலைக் குறைத்து உளச்சிகிச்சையை நம்பியது, மற்றொன்று குழந்தையின் போக்குக்கு இடம்கொடுத்துச் சிறிது கற்பித்தது, மூன்றாவது ஒழுங்கமைந்த பாடத்தை நாள்தோறும் நடத்தியது. வாசிப்பிலும் கணக்கிலும் மூன்றாவது நிலையத்தின் பிள்ளைகளே தெளிவாக முன்னேறினர். கற்பிக்கப்பட்டவர்கள் கற்றார்கள் என்பதே இந்த ஆய்வின் சாரம். அவ்வளவு எளிய உண்மைக்கும் அன்று சான்று தேவைப்பட்டது.

சட்டம் இதற்குச் சற்று முன்பே அசைந்திருந்தது. ஊனமுற்றோருக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அக்குழந்தைகளுக்கான கல்வியை இயன்றவரை அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளிலேயே அளிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் நிறைவேறிய மற்றொரு சட்டத்தால், 1971 ஏப்ரல் முதல் எந்தக் குழந்தையையும் கல்விக்குத் தகுதியற்றது என்று விலக்கும் அதிகாரம் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 32,000 குழந்தைகள் இதனால் கல்வித் துறையின் பொறுப்புக்குள் வந்தனர். ஆயினும் பெரும்பாலோர் சென்று சேர்ந்தது சிறப்புப் பள்ளிகளுக்கே. பழைய பயிற்சி மையங்கள் பலவும் பெயர்ப்பலகை மாறிப் பள்ளிகளாயின. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளியின் ஆசிரியரை இம்மாற்றம் தொடவில்லை. விக்டர் லாட்டர் மிடில்செக்ஸ் பகுதியில் நடத்தி 1966இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி ஆட்டிசம் 10,000 குழந்தைகளுக்கு நான்கு அல்லது ஐந்து பேரிடமே காணப்பட்டது. தம் பணிக்காலம் முழுவதிலும் அத்தகைய ஒரு பிள்ளையைச் சந்திக்கப்போவதில்லை என்று ஓர் ஆசிரியர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அந்த எண்ணம் நிலைக்க முடியாமற்போனது 1981ஆம் ஆண்டில். மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கை, ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிக் காலத்தின் ஏதேனும் ஒரு கட்டத்தில் சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் என்று கூறி, குறைபாட்டின் பெயரால் பிரிப்பதை விடுத்துத் தேவையால் அறியும் முறையைப் பரிந்துரைத்தது. அதனடிப்படையில் வந்த 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், சிறப்புத் தேவையுள்ள குழந்தை பொதுப்பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்றது. ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. குழந்தைக்குத் தேவையான உதவி அங்கே கிடைக்க வேண்டும், மற்றக் குழந்தைகளின் கல்வி கெடக் கூடாது, நிதி திறம்படச் செலவாக வேண்டும் என்பன அவை. அதே ஆண்டில் லோர்னா விங் எழுதிய கட்டுரை ஆஸ்பெர்கரின் ஆய்வை ஆங்கில வாசகரிடம் கொண்டுவந்து சேர்த்தது. பொதுப்பள்ளியின் பின் வரிசையில் ‘அடங்காதவன்’, ‘திமிர் பிடித்தவள்’ என்ற பெயர்களோடு ஏற்கெனவே அமர்ந்திருந்த பிள்ளைகள் யார் என்பது அதன்பின் மெல்ல மெல்ல விளங்கலாயிற்று. 1944இல் தனித்தனியே நிகழ்ந்த இரு நிகழ்வுகள், சட்டமும் ஆய்வும், 37 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் வகுப்பறையில் சந்தித்தன என்று கொள்ளலாம். லாட்டரின் பழைய கணக்குக்கு மாறாக, கில்லியன் பேர்டும் பிறரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, விரிந்த அளவுகோலின்படி ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது.

மிக இளைய பிள்ளைகளின் நிலையை அறிய, ‘ரிசப்ஷன்’ என்று அழைக்கப்படும் முதல் வகுப்பைக் காண்பது தகும். நான்கு வயது நிறைந்த பிள்ளைகள் செப்டம்பரில் அங்கே சேர்கின்றனர். முப்பது பேர் வரை தரைவிரிப்பில் சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, ஆசிரியரின் முகத்தைப் பார்த்தபடி அமர்வதே அவ்வகுப்பின் முதல் ஒழுங்கு. “எல்லாரும் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவருகே வரிசையில் நில்லுங்கள்” என்று ஆசிரியர் சொல்லும்போது, அந்த ‘எல்லாரும்’ என்பதில் தானும் அடக்கம் என்பதை ஆட்டிசக் குழந்தை உணராமல் இருக்கலாம். உணர்ந்தாலும் மூன்று செயல்களுள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிற்கலாம். “உட்கார முடியுமா?” என்று கேட்டால் “முடியும்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருக்கும் பிள்ளை, உண்மையில் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்திருக்கிறது. ஆசிரியரின் கண்ணைப் பார்க்கும்போது அவர் சொல்வது காதில் ஏறுவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் பிற்காலத்தில் எழுதியுள்ளனர். இவற்றை அறியாத ஆசிரியருக்கு இவை அனைத்தும் கீழ்ப்படியாமையாகவே தோன்றின. அதனால் குழந்தை சுவரோரம் தனியே அமர்த்தப்பட்டது, விளையாட்டு நேரத்தை இழந்தது, சில இடங்களில் பிற்பகலுக்கு முன்பே வீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி தாய்க்குச் சொல்லி அனுப்பப்பட்டது. முறையாகப் பதிவு செய்யாமல் இவ்வாறு அனுப்புவது சட்டத்துக்கு மாறானது என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. அந்த நான்கு வயதுப் பிள்ளைக்கோ தான் செய்த குற்றம் என்ன என்று சொல்லப்படவே இல்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஒரே பாடத்திட்டத்தை நாடு முழுவதற்கும் விதித்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 1990களில் வெளியிடப்படலான பள்ளி மதிப்பெண் பட்டியல்களும், மெதுவாகச் செல்லும் நேரத்தை வகுப்பாசிரியரிடமிருந்து பறித்தன. 1994ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்புத் தேவைகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றது. குழந்தைக்கு என்னென்ன உதவி வேண்டும் என்பதைப் பட்டியலிடும் சட்ட ஆவணம், நடைமுறையில், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உதவியாளர் என்ற கணக்காகச் சுருங்கியது. அந்த மணி நேரங்களுக்காகப் பெற்றோர் ஆணையங்களோடு போராடினர், கிடைத்தபோது நிம்மதியடைந்தனர். ஆசிரியப் பயிற்சி இல்லாத, குறைந்த ஊதியம் பெறும், பெரும்பாலும் மிகுந்த பரிவுள்ள ஒருவர் குழந்தையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். ஆசிரியர் மற்ற இருபத்தொன்பது பேரை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டின் விளைவை, லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் நடந்து 2009இல் நிறைவுற்ற பெரிய ஆய்வு வெளிப்படுத்தியது. உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற மாணவர்கள், அவர்களைப் போன்ற நிலையில் இருந்தும் அத்துணையைக் குறைவாகப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தனர். உதவியாளர்கள் கற்பதைவிட வேலையை முடிப்பதிலேயே கவனம் செலுத்தி, பல வேளைகளில் விடையைத் தாமே எடுத்துக் கொடுத்தனர்; பாடத்தைப் பற்றி ஆசிரியரும் உதவியாளரும் முன்கூட்டிக் கலந்து பேச நேரமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. தவறு உதவியாளர்களுடையது அன்று என்பதை ஆய்வாளர்களே வலியுறுத்தினர். இந்த ஆய்வு ஆட்டிசத்துக்கென்று தனியே நடந்ததன்று என்றாலும், பொதுப்பள்ளியில் ஆட்டிசக் குழந்தை பெறும் உதவியின் வழக்கமான வடிவம் இதுவே ஆதலால் அதன் முடிவு இங்கும் கருதத் தக்கது.

இதற்கிடையே சில நல்ல பழக்கங்கள் ஓசையின்றி வேரூன்றின. எரிக் ஷாப்லர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்தெடுத்த முறையிலிருந்து வந்த பட அட்டவணை, அதாவது அன்றைய நாளின் செயல்களைச் சிறு படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடும் முறை, இன்று இங்கிலாந்தின் இளையோர் வகுப்புகள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிட்டது. டேமியன் மில்ட்டன் என்னும் ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் 2012இல் முன்வைத்த கருத்து இன்னும் ஆழமானது. ஆட்டிசக் குழந்தை பிறரைப் புரிந்துகொள்ளத் தவறுகிறது என்பது பாதி உண்மையே; பிறரும் அக்குழந்தையைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றனர், இடைவெளி இரு பக்கத்தது என்றார் அவர். அவ்வாறாயின் அதைக் கடக்கும் முயற்சியின் பெரும்பங்கு நான்கு வயதுப் பிள்ளையுடையதாக இருப்பது எவ்வாறு நியாயமாகும்?

வார்னாக் தாமே 2005இல் வெளியிட்ட சிறு நூலில், எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் சேர்ப்பதே குறிக்கோள் என்ற நிலைப்பாட்டை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும், ஆட்டிசக் குழந்தைகள் பொதுப்பள்ளியில் படும் துன்பம் அதற்கு ஒரு காரணம் என்றும் எழுதினார். அவர் கண்ட துன்பம் உண்மை. ஆனால் கூரையை மாற்றினால் தீரும் என்பது 1944 முதல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்ட தீர்வு. 1981ஆம் ஆண்டின் மூன்று நிபந்தனைகளுள் இரண்டு பின்னர் நீக்கப்பட்டன என்றாலும், மற்றக் குழந்தைகளின் கல்வி என்ற நிபந்தனை 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. புதிய ஆசிரியர்களின் பயிற்சியில் ஆட்டிசம் உள்ளிட்ட சிறப்புத் தேவைகள் இடம்பெற வேண்டும் என்று அரசு ஏற்ற பாடச் சட்டகம் 2016 ஜூலையில்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்துவிட்ட ஆசிரியர்களை அது கட்டுப்படுத்தவில்லை. அவர்களுக்கென 2007இல் அரசு நிதியோடு அமைந்த ஆட்டிசக் கல்வி அறக்கட்டளை பயிற்சிகளை நடத்தி வந்தாலும், அவற்றுக்கு ஆசிரியரை அனுப்புவதும் அனுப்பாததும் அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியரின் விருப்பமாகவே விடப்பட்டது.