களத்துப் பேயும் மனைப்பேயும்: போர்க்கால அச்சப்படங்களும் தமிழ்த் திரையும்

போரைக் களமாகக் கொண்டு, சிறு முதலீட்டில், பேயையும் ஆவியையும் காட்டும் திரைப்படங்கள் உலகத் திரைப்பட வரலாற்றில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. தமிழில் இவ்வகை ஏறத்தாழ இல்லை எனலாம். போர்க்களத்துப் பேயைத் தலைமைப் பாத்திரமாக்கிப் பரணி என்னும் சிற்றிலக்கிய வகையையே படைத்த மொழியில் இவ்வெற்றிடம் நேர்ந்திருப்பது ஆராயத்தக்கது. இதற்குத் திரைத்தொழில் சார்ந்த காரணங்கள் உள. அவற்றினும் ஆழமான காரணம், போரில் இறந்தாரைத் தமிழ்ச் சமூகம் நினைவுகூர்ந்த முறையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்வகையின் தொடக்கம் முதல் உலகப் போரோடு தொடர்புடையது. ஆபெல் கான்சு இயக்கிய 'ழாக்யூஸ்' (1919) என்னும் பிரெஞ்சுப் படத்தில் களத்தில் மாண்ட வீரர்கள் எழுந்து ஊர் திரும்புகின்றனர்; தம் சாவு வீண்போகவில்லை என்பதற்கு உயிரோடிருப்போரிடம் சான்று கேட்கின்றனர். இறந்தோராக நடித்தவர்களுள் விடுப்பில் வந்த படைவீரர்களும் இருந்தனர். அவருட் பலர் களத்திற்குத் திரும்பி உண்மையாகவே மாண்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வகை மலிவுப் படங்களின் கைக்கு வந்தது. மோனோகிராம் நிறுவனத்தின் 'கிங் ஆப் த சாம்பீஸ்' (1941) பகை நாட்டு ஒற்றனையும் நடைப்பிணங்களையும் ஒரு தீவில் கூட்டிவைத்தது. ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் படம் ஒன்றுக்கு 1,50,000 டாலர் என வரம்பு விதித்து அச்சப்படங்களை எடுக்கச் செய்தது. அவ்வரிசையில் வந்த 'ஐல் ஆப் த டெட்' (1945) 1912ஆம் ஆண்டின் பால்கன் போரைப் பின்புலமாகக் கொண்டது. தளபதி ஒருவரும் வேறு சிலரும் கொள்ளைநோயால் ஒரு தீவில் அடைபட்டிருக்க, அவர்களுள் ஓர் இளம்பெண் இரத்தம் உறிஞ்சும் பேய் என்ற ஐயம் பரவுகிறது. படை காட்டப்படுவது சிறிது நேரமே. எஞ்சியது ஒரு வீடு, சில மனிதர், இருட்டு. பணமின்மையே இங்குக் கலை முறையாயிற்று.

சப்பானியர் இதனைத் தம் உள்நாட்டுப் போர்க் காலங்களுக்குக் கொண்டுசென்றனர். மிசோகுச்சியின் 'உகெட்சு' (1953), சிண்டோவின் 'ஒனிபாபா' (1964), 'குரோநெகோ' (1968) ஆகியவற்றில் ஆண்கள் போருக்குப் போன பின் எஞ்சிய பெண்களின் பசியும் வஞ்சமுமே பேயுரு எடுக்கின்றன. அண்மைக் காலத்தில் முதல் உலகப் போரின் பதுங்குகுழியைக் காட்டும் 'டெத்வாட்ச்' (2002), வியட்நாம் போரில் காணாமற்போன கொரியப் படைப்பிரிவைத் தேடிச் செல்லும் 'ஆர்-பாயிண்ட்' (2004) ஆகியன குறிப்பிடத்தக்கவை. பாபக் அன்வாரியின் 'அண்டர் த ஷேடோ' (2016) ஈரான்-ஈராக் போரின்போது தெகுரான் நகர அடுக்ககம் ஒன்றில் தாயும் மகளும் தனித்திருப்பதைக் கூறுகிறது. மருத்துவரான கணவர் போர்முனைக்கு அழைக்கப்பட்டுவிட்டார். மேல்தளத்தில் விழுந்த ஏவுகணை வெடியாமல் கிடக்கிறது. அதனோடு 'சின்' எனப்படும் தீய ஆவியும் வீட்டுக்குள் வந்துவிட்டதோ என்ற அச்சம் தாயைப் பற்றுகிறது.

இப்படத்தின் அமைப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டை ஒப்புநோக்கலாம். போரில் புண்பட்ட தலைவன் கிடக்கிறான். வீட்டில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, ஐயவி தூவப்படுகிறது, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எடுத்து அவனைக் காக்கப் பெண்கள் முற்படுகின்றனர். புண்பட்டானைப் பேய் தீண்டும் என்ற நம்பிக்கையே இவ்வளவுக்கும் காரணம். இலக்கண நூலார் பேய்க்காஞ்சி, தொட்டகாஞ்சி, தொடாக்காஞ்சி எனத் துறைகள் வகுக்கும் அளவுக்கு இந்நம்பிக்கை வேரூன்றியிருந்தது. ஒரு வீடு, ஓர் இரவு, புண்பட்ட ஒருவன், காவலிருக்கும் பெண்கள், வாயிற்புறத்தில் பேய். போர் வெளியே நடக்கிறது, காட்டப்படுவதில்லை. சிறு முதலீட்டுப் படம் எடுப்பார்க்கு இதைவிடச் சிக்கனமான கதையமைப்பு அரிது.

பரணியோ இதற்கு நேர்மாறான பெருங்காட்சி. முதற்குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், போரைப் பாடுமுன் பேய்களைப் பாடுகிறார். அவருடைய பேய்கள் அஞ்சத்தக்கனவாக இருப்பதினும் இரங்கத்தக்கனவாக இருப்பதே மிகுதி. உணவின்றி மெலிந்து காளியிடம் முறையிடுகின்றன. 'இந்திரசாலம்' என்னும் பகுதியில் இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று தான் கற்ற வித்தையால் பிணமும் குருதியும் நிறைந்த களத்தைப் பொய்யாகத் தோற்றுவிக்கிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளி உண்ண, வாயில் எதுவும் அகப்படவில்லை. இல்லாத போர்க்களத்தை ஒளியுருவாகக் கண்டு ஏமாறும் பார்வையாளரைத் திரைப்படம் தோன்றுவதற்கு எட்டு நூற்றாண்டுகட்கு முன்பே ஒரு புலவர் படைத்துள்ளார் என்பது வியப்புக்குரியது. போர்ச் செய்தியைக் காளிக்கு உரைப்பதும் ஒரு பேயே. ஆகவே தமிழில் போர் வரலாற்றின் கூற்றாளராகவே பேய் அமர்ந்திருக்கிறது.

போர்க்காலத் தமிழ்த் திரை

இம்மரபு 1940களில் திரைக்கு வந்திருக்க வாய்ப்பு இருந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. அம்மாதத்தில் சென்னை நகரினின்று மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். விளக்கு மறைப்பு, வெறிச்சோடிய தெருக்கள், பூட்டிய வீடுகள் என அச்சப்படத்திற்கு வேண்டிய எல்லாம் நகரத்தில் இருந்தன. ஆனால் படச்சுருள் கிடைக்கவில்லை. இறக்குமதி குறைந்தமையால் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடியாகக் கட்டுப்படுத்தியது. 1943 முதல் படச்சுருள் உரிமமுறையின்கீழ் வந்தது. உரிமம் பெற்றோர் போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுக்க வேண்டியதாயிற்று. கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', மாடர்ன் தியேட்டர்சு டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி', செமினியின் 'கண்ணம்மா என் காதலி' (மூன்றும் 1945) ஆகியன போர்ச்சூழலைக் கதையாக்கியவை. இவற்றில் ஒற்றர், வானூர்தி வீரர், அகதிகள் உள்ளனர், பேய் இல்லை. பரப்புரைப் படத்தில் பகைவன் சப்பானியனாகவே இருத்தல் வேண்டும். இறந்தவன் எழுந்து 'என் சாவு எதற்காக?' என்று கேட்பதற்கு அங்கு இடமில்லை. அயலார் ஆட்சி நடத்திய போர் அது என்பதால் அக்கேள்விக்கு விடையும் எளிதன்று.

போர் முடிந்தபின் 1948இல் வெளிவந்த ஏ.வி.எம்.மின் 'வேதாள உலகம்' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவியது. அதன் வேதாளம் மாயக்கதைக்கு உரியது, களத்துக்கு உரியதன்று. பிற்பாடு தமிழ்த் திரைப்பேய் மாளிகையிலும் வாடகை வீட்டிலும் குடியேறிவிட்டது. 'யார் நீ?' (1966) முதல் '13ஆம் நம்பர் வீடு' (1990), 'சந்திரமுகி' (2005), 'யாவரும் நலம்' (2009), 'டிமான்ட்டி காலனி' (2015) வரை தலைப்பிலோ கதையிலோ வீடு முதன்மை பெறுவதைக் காணலாம். பழைய வேதாளத்தைப் படையோடு மீண்டும் இணைத்தது தமிழன்று. இந்தியில் வந்த 'பேத்தால்' (2020) என்னும் நான்கு பகுதித் தொடர். சுரங்கப்பாதையில் அடைபட்டுக் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலச் செஞ்சட்டைப் படையினர் நடைப்பிணங்களாக வெளிவருவதை அது காட்டுகிறது.

நடுகல்லும் பேயும்

பேய் வீட்டுக்குள் புகுந்தமைக்குப் படப்பிடிப்புச் செலவு குறைவு என்பதை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. பதுங்குகுழிக்கும் செலவு குறைவே.

ஓசூர், ஆனேக்கல் வட்டாரங்களைப் போன்ற தமிழ்-கன்னட எல்லைப் பகுதிகள் இங்கு உதவுகின்றன. இப்பகுதிகளில் வயலோரமும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆனேக்கலுக்கு வடக்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு, நாகத்தரனைச் சார்ந்த வீரன் ஒருவன் பெங்களூர்ப் போரில் இறந்ததைக் கூறுகிறது. பெங்களூர் என்னும் ஊர்ப்பெயரே ஒரு வீரனின் சாவையொட்டித்தான் முதலில் எழுத்தில் பதிவாகியுள்ளது. எல்லையின் இருபுறமும் வழக்கம் ஒன்றே: களத்தில் பட்டவனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவர், பலி கொடுப்பர், காலப்போக்கில் அவன் காவல் தெய்வமாவான். கல் பெற்றவன் பேயாக அலைவதில்லை. கல் பெறாத சாவே பேயாகிறது. கொலையுண்ட பெண், தற்கொலை செய்துகொண்ட பெண், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் ஆகியோரே தமிழ்த் திரைப்பேய்களுள் பெரும்பாலோர் என்பதை இவ்வடிப்படையில் விளங்கிக்கொள்ள இயலும். ஆடவன் போர்ச்சாவுக்குச் சமூகம் முன்பே இடம் வகுத்துவிட்டது. பெண்ணின் வீட்டுச் சாவுக்கு வகுக்கவில்லை.

இவ்விளக்கத்திற்கு இருபதாம் நூற்றாண்டு ஒரு கடுஞ்சோதனை வைத்தது. 1942-43இல் சப்பானியர் அமைத்த 415 கி.மீ. நீளமுள்ள சயாம்-பர்மா இருப்புப்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உடன் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. ஆசியத் தொழிலாளர் சாவு அதனினும் பன்மடங்கு; அவர்களுக்குத் தனிக் கல்லறையில்லை. போரில் இறந்தும் கல் பெறாத தமிழர் இவர். களத்துப் பேய் மீளவேண்டிய இடம் இதுவே. சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என மலேசியத் தமிழ் நாவல் இப்பொருளை எடுத்துக்கொண்டது. தமிழகத் திரையுலகம் இதனைத் தன் பொருளாக்கிக்கொள்ளவில்லை.

இலங்கையில் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) என்னும் சிங்களப் படம் இச்சிக்கலைப் பேயின்றியே தொட்டது. பார்வையற்ற முதிய தந்தை, முத்திரையிட்ட சவப்பெட்டியில் வந்த மகன் இறந்தான் என்பதை ஏற்க மறுக்கிறார். பெட்டியைத் தோண்டித் திறந்தபோது உள்ளே வாழைத்தண்டும் கல்லுமே கிடக்கின்றன. உடலில்லாச் சாவு இங்கு ஆவியினும் கொடியதாகிறது. ஈழப் போரில் உடல் கிடைக்காதோர், காணாமற்போனோர் ஆகியோரின் குடும்பங்களை நோக்க, தமிழில் இத்தகைய படம் எழாமை அச்சப்பட வகையின் குறை என்பதினும் பெரிய இழப்பாகும்.

2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் இருப்புப்பாதைப் பணியில் மாண்ட தமிழர்க்கு நினைவுக்கல் ஒன்று நிறுவப்பட்டது. அதனை நிறுவியோர் அதற்கு இட்ட பெயர் 'நடுகல்'. எண்பது ஆண்டுகள் கழித்து நடப்பட்ட அக்கல், அங்கு இறந்தோர் எல்லார்க்கும் பொதுவானது.