மூன்றா, ஏழா?

1963இல் அணுகுண்டுச் சோதனைகளை முழுசாகவே நிறுத்தியிருக்கலாம். பேச்சு எங்கே இடறியது எண்டு பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகிறது. நிலத்துக்குக் கீழே அதிர்ந்தது வெடிப்பா பூகம்பமா எண்டு நேரில் போய்ப் பார்க்க வேணுமே. வருசத்துக்கு ஏழு தடவை வருவோம் என்றது அமெரிக்கா. மூன்றுக்கு மேல் விடமாட்டோம், அது உளவு என்றது சோவியத். கடைசியில் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் மட்டும் தடை வந்தது. நிலத்தடி தப்பிவிட்டது. பிறகு கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்கில் மட்டும் 300இற்கு மேற்பட்ட நிலத்தடிச் சோதனைகள்!

1986இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், தங்கள் அரசை நம்பியிராமல், சோவியத் விஞ்ஞானக் கழகத்தோடு நேரடியாகப் பேசி, அந்தத் தளத்துக்குக் கிட்டக் கர்கரலின்ஸ்கில் நிலஅதிர்வுமானி வைத்தார்கள். அப்போது சோவியத் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்தது. நெவாடாவில் அமெரிக்கா வெடித்துக்கொண்டுதான் இருந்தது.