அலகுப் பொருத்தம்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து வேலைநியமன நீதி பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்பொருளும் எல்லையும்

ஒரு பதவிக்குப் பலர் போட்டியிடும்போது எவரைத் தெரிவுசெய்வது நீதி என்ற வினாவுக்கு இலங்கையில் இரண்டு விடைகள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. கூடிய புள்ளி பெற்றவரைத் தெரிவுசெய்க என்பது ஒன்று. பின்தள்ளப்பட்டோருக்கு ஓரிடத்தை முன்கூட்டியே ஒதுக்குக என்பது மற்றது. ஒதுக்கீடு வேண்டும் என்பதை இக்கட்டுரை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. எந்த அலகை வைத்து ஒதுக்குவது என்பதே நாம் ஆராயும் வினா.

களமாக இரத்தினபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். கேகாலையின் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளையும் வேண்டிய இடத்தில் தொடுவோம். மலையகம் என்றதும் நுவரெலியாவே நினைவுக்கு வருகிறது. அங்கே தோட்ட மக்கள் திரண்டு வாழ்கின்றனர்; வாக்குப் பலமும் உண்டு. இரத்தினபுரியில் நிலை வேறு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை, எஹெலியகொடை எனத் தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. மாவட்ட மக்கள் தொகையில் தமிழர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். நீதிக் கொள்கை ஒன்றின் உரம் பெரும்பான்மை கூடிய இடத்தில் தெரியாது. இப்படிச் சிதறிய இடத்திலேயே தெரியும்.

2. வரைவிலக்கணங்கள்

ஈடுசெய் முன்னுரிமை: முன்னர் நேர்ந்ததோ இன்னும் நீடிப்பதோ ஆன ஒரு தடையின் விளைவைக் குறைக்கும் பொருட்டு, போட்டியின் ஒரு படியில், ஒரு தொகுதியினருக்குச் சட்டமோ நிர்வாகமோ வழங்கும் வரையறுத்த சாதகம். தடை, படி, வரை என்னும் மூன்றும் இதில் அடங்கும். தடையைச் சுட்டிக்காட்ட முடியாத சாதகம் வெறும் சலுகை. படியைக் குறிக்காத சாதகம் எங்கே உதவியது என்று அளந்தறிய முடியாதது. வரையில்லாத சாதகம் நாளடைவில் உரித்தாக இறுகிவிடும்.

குறையலகு: ஒரு தடையை ஏறக்குறைய ஒரே அளவில் அனுபவிப்போர் அடங்கிய மிகச் சிறிய தொகுதி.

ஒதுக்கீட்டலகு: சாதகம் எத்தொகுதியின் பெயரால் கணக்கிடப்படுகிறதோ அத்தொகுதி.

அலகுப் பொருத்தம்: இவ்விரு தொகுதிகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு. ஒதுக்கீட்டலகு பெரிதாகிக் குறையில்லாதோரையும் உள்ளே கொண்டுவந்தால் அது மிகைப்பரப்பு. குறையுள்ளோரை வெளியே விட்டால் குறைப்பரப்பு. ஓர் ஒதுக்கீடு இவ்விரு பிழைகளையும் ஒருங்கே உடையதாகவும் இருக்கலாம். சப்ரகமுவத்தில் அதுவே நேர்ந்துள்ளது.

3. குறையின் காரணங்கள்

முதற் காரணம் சட்டத்தால் வந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் 1974-இன் தொடர் உடன்படிக்கையும் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டன. 1986, 1988-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகும் எஞ்சிய சிக்கலைத் தீர்க்க 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அரச பதவிக்குக் குடியுரிமை முன்நிபந்தனை. ஆகவே நாட்டின் பொதுச்சேவை விரிந்து பெருகிய பல பதிற்றாண்டுகளில் இம்மக்களுக்கு அதன் கதவு மூடியே இருந்தது. ஒரு கிராமத்தில் முதல் எழுதுவினைஞர், முதல் ஆசிரியர், முதல் கிராம உத்தியோகத்தர் தோன்றினால் அவர் வழியே அடுத்த தலைமுறைக்கு விண்ணப்பம் நிரப்பும் அறிவும் பரீட்சை பற்றிய செய்தியும் கிடைக்கும். அந்த முதலாமவர் தோன்ற வேண்டிய காலத்தையே தோட்டங்கள் இழந்தன.

இரண்டாவது காரணம் பாடசாலை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970-களில்தான். இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகைப்படும்: உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ளவை 1ஏபி, கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டுமுள்ளவை 1சி, சாதாரண தரம் வரை செல்பவை வகை 2, ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. தோட்டங்களை அண்டியுள்ளவை பெரும்பாலும் பின்னிரண்டு வகைகளைச் சேர்ந்தவை. இரத்தினபுரியில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. இதனால் மருத்துவமோ பொறியியலோ எண்ணும் ஒரு பிள்ளை பதினாறு வயதிலேயே வேறு மாவட்டத்தில் விடுதியோ உறவினர் வீடோ தேட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் கலைப் பிரிவில் சேர்கிறார். அவர் அதை விரும்பி எடுத்ததாகவே பதிவேட்டில் நிற்கும்.

மூன்றாவது காரணம் சிதறல். அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரையின்படி, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் எட்டிலொன்றுக்கு மேற்பட்டால் அப்பிரிவை இருமொழி நிர்வாகப் பிரிவாக ஜனாதிபதி பிரகடனப்படுத்தலாம். சிதறி வாழ்வோர் பல இடங்களில் அந்த விகிதத்தை எட்டுவதே இல்லை. விகிதம் எட்டாத இடத்தில் தமிழில் கருமமாற்றும் அலுவலர் தேவைப்படுவதில்லை. தேவைப்படாததால் தமிழறிந்தவருக்கு அங்கே பதவியும் எழுவதில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இப்பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் வடக்கே பெயர்ந்தமை இச்சிதறலை மேலும் கூட்டியது.

4. ஒதுக்கீட்டலகின் வகைகள்

4.1 மாவட்டம்

நாட்டில் நன்கு வேரூன்றிய ஒதுக்கீட்டலகு மாவட்டமே. பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் செல்கின்றன. அந்த 16-இல் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. பட்டதாரி நியமனங்கள் பட்டத்தைப் பின்தொடர்வதால், அனுமதியில் விழும் அலகே பிற்பாடு வேலையிலும் விழுகிறது.

தமிழ் வாசகர் பலருக்கு இம்முறை 1970-களின் தரப்படுத்தலை நினைவூட்டும். மொழிமூலத்துக்கு மொழிமூலம் வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தது அநீதி. அது இளைஞரிடையே விதைத்த கசப்பை இந்நாடு இன்னும் சுமக்கிறது. ஆயினும் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒரே தீமையாக எண்ணுவது பிழை என்பதை நாம் வலியுறுத்துகிறோம். முன்னது பரீட்சை எழுதிய மொழியை நோக்கியது. பின்னது வசதியற்ற இடத்தை நோக்குவதாகச் சொல்லிக்கொண்டது. மன்னாரும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்த 16 மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதை யாழ்ப்பாணத்து விமர்சகர் சிலர் பேசுவதில்லை. மலையகத்திலிருந்து பார்ப்போருக்குக் குறை வேறிடத்தில் தெரிகிறது: மாவட்டம் என்ற அலகு தோட்டத்தைக் காண்பதில்லை.

அது எவ்வாறென விளக்குவோம். இரத்தினபுரி நகரத்தின் பெரிய பாடசாலையில், பிரத்தியேக வகுப்பு வசதியோடு, ஆய்வுகூடத்தோடு படிக்கும் மாணவரும், இறக்குவானைக்கு மேலேயுள்ள தோட்டப் பிரிவொன்றிலிருந்து வரும் மாணவரும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குள் போட்டியிடுகின்றனர். ஒதுக்கீட்டலகில் இருவரும் பின்தங்கியோர். குறையலகில் ஒருவர் மட்டுமே அவ்வாறானவர். மாவட்டத்துக்கு வரும் இடங்களை முதலாமவர் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை, அவர்மேல் குற்றமுமில்லை. கேகாலையிலோ இதன் மறுதலை. புளத்கொஹுபிட்டியத் தோட்டப் பிள்ளையின் குறை இரத்தினபுரிப் பிள்ளையின் குறையே. மாவட்ட எல்லை நடுவில் ஓடுவதால் அவர் 5 வீதத்துக்கு வெளியே நிற்கிறார். முன்னது மிகைப்பரப்பு; பின்னது குறைப்பரப்பு.

தமிழ்நாடு இதே சிக்கலைச் சாதி அலகில் சந்தித்தது. 1921-இன் வகுப்புவாரி ஆணையிலிருந்து தொடரும் நீண்ட அனுபவமுள்ள அம்மாநிலம், பட்டியல் சாதியினருக்கான 18 வீதத்துக்குள் அருந்ததியர் எட்ட முடியாமல் நின்றதைக் கண்டு 2009-இல் அவர்களுக்கு 3 வீத உள் ஒதுக்கீடு வழங்கியது. ஒதுக்கீட்டலகை உள்ளே பகுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 ஆகஸ்ட் 1-இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பெரிய அலகு தன்னுள் வலியவருக்கே உதவும் என்பதை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட நடைமுறையே அங்கு மெய்ப்பித்திருக்கிறது.

4.2 இனம்

அப்படியானால் மலையகத் தமிழர் என்றே ஓர் அலகை வகுத்துவிடலாமா? இது இயல்பாக எழும் கோரிக்கை. நியாயமான வேதனையிலிருந்து எழுவது. சட்டத்தின் பாதை இங்கே இடுங்கியது. அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியன காரணமாக ஓரங்காட்டலாகாது என்கிறது. 12(4) சிறப்பேற்பாட்டுக்கு இடமளிக்கும்போது பெண்கள், சிறுவர், அங்கவீனர் ஆகிய மூவரையே பெயர் குறிக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 16(4)-இல் உள்ளதுபோல் பின்தங்கிய வகுப்பு என்ற தொடர் அதில் இல்லை. 1990-இன் 15/90-ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் இனவிகிதப்படி பதவிகளைப் பங்கிட முனைந்தது. சுங்கத் திணைக்களப் பதவியுயர்வு தொடர்பாக எழுந்த ராமுப்பிள்ளை வழக்கில், அவ்வாறு பங்கிடுவது 12-ஆம் உறுப்புரைக்கு மாறானதென உயர் நீதிமன்றம் கண்டது. விகிதக் கணக்கு, விகிதத்தைவிடக் கூடுதலாகத் தகுதியுடையோர் இருக்கும் பிரிவில் சிறுபான்மையினரையே தடுக்கும் என்பதும் இவ்வகை வழக்குகளால் விளங்கும்.

4.3 மொழிமூலம்

தமிழ்மொழி மூலம் படித்தவர் என்ற அலகு கண்டி, நுவரெலியாவில் ஓரளவு பொருந்தும். சப்ரகமுவத்தில் பொருந்தாது. தாழ்நிலத் தோட்டங்களில் அருகே தமிழ்ப் பாடசாலை இல்லாமையால் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலைக்குச் செல்கின்றனர். மொழி அலகு, தோட்டத்திலேயே பிறந்து லயத்திலேயே வளர்ந்த அவர்களை விட்டுவிடும்.

4.4 பாடசாலையும் வதிவிடமும்

எஞ்சுவது இட அலகு: மாவட்டத்தைவிடச் சிறியது, இனத்தைச் சாராதது. அதற்கான கருவி ஏற்கெனவே அரசின் கையில் உண்டு. பாடசாலைகளை மேற்கூறிய நான்கு வகைகளாகப் பிரித்திருப்பதோடு, ஆசிரியர் இடமாற்றத்துக்காகக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனவும் கல்வி நிர்வாகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஒருவர் சாதாரண தரம் வரை எவ்வகைப் பாடசாலையில் படித்தார், பெற்றோருடன் தோட்டக் குடியிருப்பில் வதிந்தாரா என்னும் இரண்டையும் சேர்த்தால் குறையலகுக்கு மிக நெருங்கிய ஒதுக்கீட்டலகு அமைகிறது. சிங்களப் பாடசாலையில் படித்த தோட்டப் பிள்ளை அதில் அடங்குவார். தோட்டத்தில் நாட்கூலிக்குச் செல்லும் அயற்கிராமத்துச் சிங்களத் தாயின் பிள்ளையும், அதே கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் படித்திருந்தால், பாடசாலைக் கூறினால் அடங்குவார். அவரை வெளியே நிறுத்தும் எந்த அலகும் இரத்தினபுரியில் நீதியாகாது என்பது நமது துணிபு.

5. நியமனத்தின் படிகள்

அலகு சரியாக அமைந்தாலும், சாதகம் எந்தப் படியில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயன் கிட்டும். ஆட்சேர்ப்பை அறிவித்தல், விண்ணப்பம், எழுத்துப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, நியமனம், நிலைபெறல் என ஆறு படிகளாகப் பிரிக்கிறோம். விவாதங்கள் யாவும் மூன்றாம் நான்காம் படிகளில் நடக்கின்றன. தோட்டத்து இளைஞர் விழுவது பெரும்பாலும் இரண்டாம் படியில்.

விண்ணப்பப் படிவத்தின் நிரந்தர முகவரிக் கூற்றைப் பார்ப்போம். வீட்டு இலக்கம், வீதி என்று கேட்கிறது. லயத்து அறைக்கு வீதியில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எழுதப்படுகின்றன. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வருகிறது. அங்கிருந்து எவர் கையிலாவது மேற்பிரிவுக்கு ஏற வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்தபின் கைக்குக் கிடைத்த கதை இல்லாத தோட்டம் அரிது. இத்தடையை நீக்க எந்த வீத ஒதுக்கீடும் வேண்டாம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அஞ்சல் முகவரி போதும்.

ஐந்தாம், ஆறாம் படிகளின் பாடம் ஆசிரியர் நியமனங்களில் கிடைக்கிறது. வேறு மாகாணத்தவர் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்று, சில ஆண்டுகளில் இடமாற்றம் வாங்கிச் சென்றுவிட, வெற்றிடம் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. இதற்கு மாற்றாக, 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென 3000-க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளருக்கு இடம் வகுக்கப்பட்டது. அலகு நன்று, உள்ளூர் இளைஞரே வந்தனர். ஆனால் தொடக்கத்தில் மாதம் 6000 ரூபா கொடுப்பனவு மட்டுமே தரப்பட்டது. பின்னரே அது 10,000 ஆகியது. முழு வகுப்பைப் பொறுப்பேற்றுக் கற்பித்தவருக்கு, பயிற்சி முடித்து ஆசிரிய சேவையில் சேரும்வரை, உதவியாளர் என்ற நிலையே நீடித்தது. சாதகத்தை நியமனப் படியில் கொடுத்து, நிலைபெறும் படியில் திரும்பப் பெறும் இதனைத் தாழ்தர முன்னுரிமை என்கிறோம். ஈடுசெய்யும் கடமையுள்ள அரசு அந்தச் செலவை ஈடுபெற வேண்டியவரின் சம்பளத்திலிருந்தே கழித்துக்கொண்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

தனியார் துறை தனி ஆய்வுக்குரியது. ஒன்று மட்டும் குறிப்போம். அடிப்படை உரிமை மனு ஆட்சித்துறையின், நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகவே எழும். 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆட்சேர்ப்பை அது பொதுவாக எட்டாது. 1984-இல் ஆண் பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது. ஆயினும் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர் பதவிகளில் ஆண்களே நிறைந்திருப்பது தொடர்கிறது.

6. மறுப்புரைகள்

தகுதி குன்றும் என்பது முதல் மறுப்பு. புள்ளி என்பது திறனோடு வசதியும் சேர்ந்த கூட்டுத்தொகை. விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையில் பெற்ற 60 புள்ளியையும், இரண்டு பிரத்தியேக வகுப்புகளோடு பெற்ற 70-ஐயும் ஒப்பிடுகையில் எது கூடிய திறனைக் காட்டுகிறது என்பது திறந்த வினா. தகைமையின் கீழெல்லை எவருக்கும் தளர்த்தப்படலாகாது என்பதை நாமும் ஏற்கிறோம். அந்த எல்லைக்கு மேலுள்ளோரிடையேதான் முன்னுரிமை செயற்பட வேண்டும்.

இரண்டாம் மறுப்பு வலுவானது: வசதியுள்ளோர் முகவரி மாற்றி உள்ளே வருவர். பின்தங்கிய மாவட்டங்களில் வெளியூர் மாணவர் பதிவாவது ஏற்கெனவே நுவரெலியாவில் கசப்பை வளர்த்த நடைமுறை. அலகு சிறுத்தால் ஏமாற்றும் ஊக்கம் கூடலாம். ஆரம்ப வகுப்பு முதல் சாதாரண தரம் வரையான தொடர்ச்சியைப் பாடசாலை வரவுப் பதிவேட்டால் உறுதிசெய்வதே காப்பு. உயர்தரத்துக்காக மட்டும் மாவட்டம் மாறுவோர் அங்கே தடைப்படுவர். பதினொரு ஆண்டு அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலையில் பிள்ளையை வைத்திருக்க எந்த வசதியுள்ள பெற்றோரும் முன்வரார்.

7. அளத்தல்

அங்கவீனருக்கு 3 வீத வெற்றிடங்களை ஒதுக்குமாறு 1988-இலேயே சுற்றுநிருபம் வந்தது. எத்தனை இடம் நிரம்பியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடும் கடமையும் அதனுடன் சேர்ந்திருக்க வேண்டும். இட அலகுக்கும் இதுவே விதி. மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கூறுகள் சேர வேண்டும்: சாதாரண தரம் வரை படித்த பாடசாலையின் வகை, தோட்டக் குடியிருப்பில் வதிந்த காலம். விண்ணப்பித்தோர், பரீட்சைக்கு வந்தோர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டோர், நியமனம் பெற்றோர், மூன்று ஆண்டுகளின் பின் அதே இடத்தில் பணியில் இருப்போர் என ஐந்து நிரல்களில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, அந்த எண்கள் வெளிவர வேண்டும். ஒரு பிரிவில் விண்ணப்பித்தோர் விகிதமும் நியமனம் பெற்றோர் விகிதமும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சமமாக நின்றால், அப்பிரிவில் அப்பதவிக்கான முன்னுரிமை நிறுத்தப்படலாம்.